முதுகு வலி: தோட்டத்துப் பாட்டிமார் டாக்டரிடம் சொல்லாமல் விடுவது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில், கித்தா (ரப்பர்) மரத்துப் பால் வாளியைக் காண்டாவில், அதாவது தோள்கம்பில், சுமந்த முதுகுகள் நிறைய. வலி வந்தால் முதலில் தைலம், அப்புறம் வலிக்கு ஒட்டும் கோயோக் பிளாஸ்திரி, அப்புறம் உருவி விடுபவர், கடைசியில்தான் கிளினிக். அவ்வளவு தாமதமாகப் போயும், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் திரும்புவதுதான் பெரிய தவறு.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. மலாய் மொழியில் ‘சாக்கிட் பிங்காங்’ என்றால் இடுப்பு வலி. ‘புவா பிங்காங்’ என்றால் சிறுநீரகம். வாய்தவறி ‘புவா’ சேர்ந்துவிட்டால் பேச்சு சிறுநீர்ப் பரிசோதனைப் பக்கம் போய்விடும். வலிக்கும் இடத்தில் விரலை வைத்தே காட்டுங்கள். வலி காலுக்கு இறங்கினால் எந்தக் கால், முட்டிக்குக் கீழேயும் போகிறதா என்று சொல்லுங்கள்.

மொழிபெயர்க்கப் பேரனைக் கூட்டிப் போகாதீர்கள். தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நின்றுவிடுவது, தெரியாமல் கசிவது இதையெல்லாம் எந்தப் பாட்டி பேரன் முன்னால் சொல்வார்? முதுகுத்தண்டின் அடிநரம்புகள் நெரிபடும்போது வரும் அறிகுறிகள் இவை. கால் துவண்டாலும் அப்படித்தான். அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். மகளோ மருமகளோ உடன் வரட்டும். மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) தனியாகப் பேசவேண்டும் என்று கேட்கலாம்.

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்கிறது. அப்புறம் தண்ணீர் வாளியைத் தூக்கினாலே, குனிந்து நிமிர்ந்தாலே முள்ளெலும்பு நசுங்கலாம். திடீரென வந்து, நின்றால் கூடி, படுத்தால் குறையும் வலி என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும். வீட்டிலேயே பார்க்க வழி உண்டு: பழைய கைலி இப்போது தரையில் உரசுகிறதா? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையவில்லையா? சுவரில் குதிகாலை ஒட்டி நின்றால் பின்தலை சுவரைத் தொடவில்லையா? தொட்டால் உயிர்போகும் முதுகை உருவக் கொடுக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்து நசுக்கம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு உருவுவதைப் பற்றி யோசிக்கலாம். 65 வயதைத் தாண்டியவர்கள் எலும்பு அடர்த்திப் பரிசோதனையைப் பற்றியும் கேட்கவேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் தேய்மானம் முற்றிய பிறகுதான் தெரியும்.

வீட்டிலிருக்கும் மருந்தெல்லாம் பையோடு போகட்டும். பொன்ஸ்தான், வோல்ட்டரன் போன்ற வலி மாத்திரைகள் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும். சந்தையில் வாங்கிய ஜாமு என்கிற மூலிகை மருந்து ‘ஒரே நாளில் கேட்டது’ என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் தின்றிருந்தால் சட்டென நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் மறைப்பது அதைவிட மோசம். திட்டுவாரே என்று பயந்து பொட்டலத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்றால் எம்ஆர்ஐக்கு அவசரமில்லை. வலியில்லாத முதியவர்களின் படத்திலும் முள்ளெலும்புகளுக்கு நடுவே தேய்ந்த தட்டு (டிஸ்க்) தெரியும். ஒரு வாரம் படுத்தே கிடப்பது தசையைத்தான் கரைக்கும். பிசியோதெரபிக்கு இரண்டு தடவை போய், பஸ் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். பலன் வீட்டில் தினமும் செய்யும் பயிற்சியில்தான். பாயில் படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று முதல் நாளே சொல்லி, கட்டிலிலேயே செய்யும் முறையைக் கேட்டு வாங்குங்கள்.