இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஓடத்தான் மாட்டேன் என்கிறது: லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி சிக்கலை அவிழ்ப்பது எப்படி

சோர்ஸ் கோடிலிருந்து ஒரு புரோகிராமைக் கட்டுகிறீர்கள். கான்ஃபிகர் ஓடியது, மேக் ஓடியது, சூடோ போட்டு மேக் இன்ஸ்டாலும் முடிந்தது. ஒரு எர்ரர்கூட இல்லை. ஆசையாகப் புரோகிராமைக் கூப்பிட்டால் 'எர்ரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்' என்று தொடங்கி, ஏதோ ஒரு லைப்ரரியின் (பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோட் ஃபைலின்) பெயரைச் சொல்லி, 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று முடிக்கிறது. எல்எஸ் போட்டுப் பார்த்தால் அந்த ஃபைல் குத்துக்கல் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. சோர்ஸிலிருந்து எதையாவது போட்டுப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் ஒரு சாயங்காலத்தையாவது தொலைத்திருப்பார்கள். கமாண்டுகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். லைப்ரரியைத் தேடுகிற ஆள் ஒருவர் இல்லை, இரண்டு பேர். கம்பைல் ஆகும்போது தேடுபவர் லிங்கர், அதாவது எல்டி. புரோகிராம் ஓடும்போது தேடுபவர் லோடர், எல்டி.எஸ்ஓ. பெயர்தான் ஒரே மாதிரி இருக்கிறதே தவிர, ஒருவரிடம் சொன்னது மற்றவர் காதில் விழாது. பெரிய எழுத்து எல் போட்டு ஒரு டைரக்டரியைக் காட்டினால் அது லிங்கருக்கு மட்டும்தான். கம்பைல் சுத்தமாக முடிந்தும் புரோகிராம் ஓடாமல் போவது இதனால்தான்.

உங்கள் எர்ரர் கம்பைல் நேரத்திலேயே வந்திருந்தால், 'கேனாட் ஃபைண்ட் -எல்கர்ல்' என்பதைப் போல, வேலை சுலபம். (கர்ல் என்பது இணையத்திலிருந்து ஃபைல்களை இறக்கும் கருவி, லிப்கர்ல் அதன் லைப்ரரி.) லைப்ரரி இருக்கும், அதன் டெவலப்மென்ட் பேக்கேஜ் இருக்காது. டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ் பெயரின் கடைசியில் டெவ் என்றும், ஃபெடோராவில் டெவெல் என்றும் இருக்கும், அதைப் போட்டுவிட்டு கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள். அந்தப் பேக்கேஜில் ஹெடர் ஃபைல்களோடு லிப்கர்ல்.எஸ்ஓ என்ற நம்பர் இல்லாத லிங்க்கும் வரும், லிங்கர் தேடுவது அதைத்தான். லோடர் தேடுவதோ லிப்கர்ல்.எஸ்ஓ.4 என்ற பெயரை. இதற்கு எஸ்ஓநேம் என்று பெயர். இரண்டுமே கடைசியில் லிப்கர்ல்.எஸ்ஓ.4.8.0 மாதிரியான ஒரு நிஜ ஃபைலைத்தான் காட்டும். இந்த மூன்று பெயர்களும் பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இனி ஓடும் நேரத்துச் சிக்கல். கையில் எடுக்க வேண்டிய முதல் கருவி எல்டிடி. எல்டிடி போட்டு, பக்கத்தில் புரோகிராமின் முழுப் பாதையைக் கொடுங்கள். அதற்கு என்னென்ன லைப்ரரி வேண்டும், ஒவ்வொன்றும் எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று வரிசையாகக் காட்டும். கிடைக்காததற்கு எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று இருக்கும். ஆனால் எங்கிருந்தோ இறக்கிய, நம்பிக்கையில்லாத பைனரியின் மேல் எல்டிடி ஓட்டாதீர்கள், சில சமயம் அது அந்தப் புரோகிராமையே ஓட்டிவிடும். அதற்கு ரீட்எல்ஃப் -டி போதும். அது ஃபைலை வெறுமனே படித்து, 'நீடட்' என்ற வரிகளில் தேவைகளைச் சொல்லிவிடும்.

என் அனுபவத்தில் 'நாட் ஃபவுண்ட்' என்று வருவதே நல்லது. கிடைத்த லைப்ரரி தப்பான லைப்ரரியாக இருக்கும்போதுதான் மண்டை காயும். கர்ல்தான் இதற்கு நல்ல உதாரணம். அதன் எஸ்ஓநேம் 2006-லிருந்து இன்றுவரை 4-தான். உபுண்டு 22.04-ஓடு வந்த பழைய லிப்கர்லும் நீங்கள் சோர்ஸிலிருந்து கட்டிய புது லிப்கர்லும் லோடர் கண்ணுக்கு ஒரே பெயர்தான். புதுசை /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழே இன்ஸ்டால் செய்துவிட்டு எல்டிகான்ஃபிக் ஓட்ட மறந்தால், புது கர்ல் கமாண்ட் பழைய லைப்ரரியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒன்று, தேவையான ஃபங்ஷன் அந்த லைப்ரரியில் இல்லாமல் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று விழும், இல்லையென்றால் ஓடும், ஆனால் கர்ல் --வெர்ஷன் அடித்தால் முதல் வரியில் கர்ல் 8 என்றும் அதே வரியில் லிப்கர்ல் 7 என்றும் காட்டும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் நான் ஒரு நாள் முழுக்க சான்றிதழ் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு வேறெங்கோ நோண்டிக்கொண்டிருந்தேன்.

சரி, எல்டிகான்ஃபிக் என்ன செய்கிறது? லோடர் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் துழாவுவதில்லை, /இடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற ஒரு பட்டியலைப் பார்க்கிறது. எல்டி.எஸ்ஓ.கான்ஃப் ஃபைலிலும், எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி டைரக்டரிக்குள் இருக்கும் ஃபைல்களிலும் சொல்லியிருக்கும் டைரக்டரிகளைப் படித்து அந்தப் பட்டியலைப் புதுப்பிப்பதுதான் எல்டிகான்ஃபிக்கின் வேலை. ஆகவே புது லைப்ரரி போட்டால் சூடோவோடு ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். எல்டிகான்ஃபிக் -பி அடித்து, கிரெப்பில் உங்கள் லைப்ரரி பெயரைத் தேடினால் பட்டியலில் சேர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

சேரவில்லை என்றால், நீங்கள் இன்ஸ்டால் செய்த டைரக்டரியே அந்த கான்ஃப் ஃபைல்களில் இல்லை என்று அர்த்தம். டெபியன், உபுண்டுவில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கனவே இருக்கிறது. ரெட் ஹாட் குடும்பத்தில் அது இருக்காது, நாம்தான் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி உள்ளே ஒரு கான்ஃப் ஃபைல் போட்டு அந்தப் பாதையை ஒரு வரியாக எழுத வேண்டும். இன்னொரு பொறி லிப்64. குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் 3-ஐ 64 பிட் இன்டெல் கணினியில் கட்டினால் அது லிப்புக்குள் போகாமல் லிப்64-க்குள் போய் உட்காரும், உபுண்டு அந்த டைரக்டரியை எட்டிக்கூடப் பார்க்காது. கான்ஃபிகர் செய்யும்போதே --லிப்டிர்=லிப் என்று கொடுத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

லோடர் முதலில் எந்த டைரக்டரிகளில் தேட வேண்டும் என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். புரோகிராமுக்கு முன்னால் அதே வரியில் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்க்க அருமையான சாதனம், லைப்ரரிதான் பிரச்சினையா இல்லையா என்று 10 விநாடியில் தெரிந்துவிடும். ஆனால் அதை, ஷெல் தொடங்கும்போதெல்லாம் படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதி வைக்காதீர்கள். அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் எல்லாப் புரோகிராமும் உங்கள் டைரக்டரியை முதலில் பார்க்கும், சம்பந்தமே இல்லாத ஒன்று நாலு மாதம் கழித்து விழும்போது காரணம் ஞாபகத்துக்கு வராது. போதாததற்கு, ஃபைல் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் செட்யூஐடி புரோகிராம்களுக்கு லோடர் இதைக் கண்டுகொள்வதில்லை, சூடோ வழியாகப் போனாலும் காணாமல் போய்விடும்.

சரி, எல்டிகான்ஃபிக்கோடு விட்டுவிடலாமே என்றால், அதிலும் ஒரு விலை உண்டு. கேஷ் என்பது கணினி முழுமைக்கும் பொது. மேலே சொன்ன கர்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 64 பிட் இன்டெல் உபுண்டுவில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் முந்திக்கொள்ளும், அதனால் லிப்கர்லை நம்பியிருக்கும் சிஸ்டம் புரோகிராம்களும் நீங்கள் கட்டியதையே எடுத்துக்கொண்டு, 'நோ வெர்ஷன் இன்ஃபர்மேஷன் அவைலபிள்' என்று ஒவ்வொரு தடவையும் முணுமுணுக்கும். வெறும் எச்சரிக்கைதான், ஆனாலும் ஒரு புரோகிராமுக்காக ஊரையே மாற்றி வைத்திருக்கிறோம்.

நான் இப்போதெல்லாம் செய்வது இது: ஒவ்வொன்றுக்கும் தனி வீடு. கான்ஃபிகரில் --ப்ரிஃபிக்ஸ்=/ஆப்ட்/கர்ல்8 என்று கொடுத்துவிட்டு, லைப்ரரி எங்கே இருக்கிறது என்பதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்துவிடுவேன். அதுதான் ஆர்பாத். லைப்ரரி கட்ட உதவும் லிப்டூல் கருவியைப் பயன்படுத்தும் கர்ல் மாதிரியானவை, சிஸ்டம் பட்டியலில் இல்லாத ப்ரிஃபிக்ஸ் என்றால் இதைத் தாமாகவே எழுதிக்கொள்ளும். எழுதாதவற்றுக்கு, கான்ஃபிகருக்கு முன்னால் எல்டிஃபிளாக்ஸ் என்ற மாறியில் -டபிள்யூஎல்,-ஆர்பாத்,/ஆப்ட்/கர்ல்8/லிப் என்று, கமாவுக்குப் பக்கத்தில் இடைவெளி விடாமல் கொடுங்கள். ரீட்எல்ஃப் -டி அடித்தால் 'ரன்பாத்' (ஆர்பாத்தின் புது வடிவம்) என்ற வரியில் அந்தப் பாதை தெரிய வேண்டும். ரன்பாத் புரோகிராம் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டும்தான் பொருந்தும், அந்த லைப்ரரி கேட்கும் இன்னொரு லைப்ரரிக்குப் பொருந்தாது. இரண்டாவது அடுக்கில் 'நாட் ஃபவுண்ட்' வந்தால் நடுவில் இருக்கும் லைப்ரரியையும் ஆர்பாத்தோடு கட்ட வேண்டும். மறுபடி கட்ட சோம்பலாக இருந்தால் பேட்ச்எல்ஃப் என்ற கருவி, கட்டி முடித்த பைனரியிலேயே பாதையை மாற்றித் தரும்.

கான்ஃபிகருக்குப் பதில் சிமேக் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பில்ட் டைரக்டரியில் ஜம்மென்று ஓடும் புரோகிராம் இன்ஸ்டால் ஆனதும் படுத்துவிடும். சிமேக் பில்ட் நேரத்தில் ஆர்பாத்தை வைத்துவிட்டு, இன்ஸ்டால் செய்யும்போது அதை அழித்துவிடுவதுதான் காரணம். சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் என்ற மாறியில் பாதையைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

கடைசியாக, செய்யவே கூடாதது ஒன்று. பழைய புரோகிராம் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 கேட்கும், உபுண்டு 22.04-ல் இருப்பதோ லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3. உடனே எல்என் -எஸ் போட்டு ஒரு லிங்க் உண்டாக்கி 3-க்கு 1.1 என்று வேஷம் கட்டத் தோன்றும். பெயர் மாறினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா? 'வெர்ஷன் ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் ஃபவுண்ட்' என்று அடுத்த எர்ரர் வரும், வராமல் ஓடினால் இன்னும் ஆபத்து. எஸ்ஓநேம் நம்பரை மாற்றுவதே பழையதோடு ஒத்துப்போகாது என்று அறிவிக்கத்தான். 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டதால், அந்தப் புரோகிராமைப் புது ஓபன்எஸ்எஸ்எல்லோடு மறுபடி கம்பைல் செய்வதுதான் வழி. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் வெர்ஷன் போதவில்லை என்று எர்ரர் வந்தாலும் இதே கதைதான், வேறொரு கணினியிலிருந்து ஜிலிப்சியைக் காப்பியடித்து சிஸ்டம் லைப்ரரியின் மேல் வைத்தால் எல்எஸ்கூட ஓடாமல் போகும்.

தனி வீட்டில் வைத்ததை வேண்டாமென்று தோன்றும் நாளில் /ஆப்ட்/கர்ல்8 டைரக்டரியை அழித்தால் போதும். /யூஎஸ்ஆர்/லோக்கலில் போட்டவர்கள் சோர்ஸ் டைரக்டரியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், மேக் அன்இன்ஸ்டால் ஓட்ட அது வேண்டும். ஓட்டிய கையோடு எல்டிகான்ஃபிக்கையும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.