கனெக்ஷன் பூல் நிறைந்துவிட்டதா? அதன் அளவில் கை வைக்காதீர்கள்

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் ரிவ்யூவுக்கு ஒரு மாற்றம் அனுப்பினார். ஒரே ஒரு வரிதான். கனெக்ஷன் பூலின் (டேட்டாபேஸுக்கான இணைப்புகளை மூடாமல் வைத்து மாறிமாறிப் பயன்படுத்தும் தொகுப்பு) சைஸ் 5 என்று இருந்ததை 50 ஆக்கிவிட்டு, 'டைம்அவுட் எரர் சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருந்தார். அதே வரியை நானும் ஒருகாலத்தில் எழுதியவன்தான் என்பதால் சிரிப்பு வரவில்லை.

டேட்டாபேஸ் கனெக்ஷனில் நாம் செய்யும் தவறுகளைத்தான் கீழே ஒவ்வொரு தலைப்பாக வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டு தப்பு, போர்ட் தப்பு இதையெல்லாம் விட்டுவிடுகிறேன், பிழைச் செய்தியே காட்டிக்கொடுத்துவிடும். பைத்தான் மொழி, அதிலிருந்து டேட்டாபேஸுடன் பேச உதவும் எஸ்க்யூஎல்ஆல்கெமி லைப்ரரி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இவற்றை வைத்துப் பேசுகிறேன். வேறு மொழிக்காரர்களுக்கும் பெயர்கள்தான் மாறும்.

கனெக்ஷன் பூலின் சைஸை ஏற்றுவது

'க்யூபூல் லிமிட் ஆஃப் சைஸ் 5 ஓவர்ஃப்ளோ 10 ரீச்டு' என்று லாகில் வரும். அதாவது 5 கனெக்ஷன், நெருக்கடிக்கு இன்னும் 10, ஆக 15-ம் யார் கையிலோ இருக்கின்றன. 30 விநாடி காத்திருந்தும் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இடம் போதவில்லை என்றுதான் எல்லோரும் இதைப் படிக்கிறோம். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை என்று படிக்க வேண்டும்.

என் கதை இது. ஆர்டர் எடுக்கும் ஒரு தளம், இரண்டு மெஷின், ஒவ்வொன்றிலும் 4 வொர்க்கர் (ரிக்வெஸ்ட்களைக் கவனிக்கும் தனித்தனி ப்ராசஸ்). வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த எரர் வரத் தொடங்கியதும் சைஸை 50 ஆக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். கனெக்ஷன் பூல் என்பது ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனித்தனி என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. 8 வொர்க்கர், ஆளுக்கு 50-ம் நெருக்கடிக்கு 10-ம் ஆக 60, மொத்தம் 480 வரை கேட்கலாம். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக வைத்திருப்பதோ 100. ராத்திரி ஒன்பதரைக்கு 'சாரி, டூ மெனி கிளையண்ட்ஸ் ஆல்ரெடி' என்று கதவைச் சாத்திவிட்டது. முன்பு சில ரிக்வெஸ்ட்கள்தான் விழுந்தன, இப்போது பில் போடும் மென்பொருளும் சேர்ந்து விழுந்தது. சூப்பர்யூசருக்கென்று (டேட்டாபேஸில் எல்லா அதிகாரமும் உள்ளவர்) 3 இடம் தனியாக ஒதுக்கி வைத்திருப்பதால்தான் என்னாலேயே உள்ளே நுழைய முடிந்தது.

நுழைந்து, எந்தக் கனெக்ஷன் என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் பார்த்தால், வரிசையாக 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்', அதாவது டிரான்ஸாக்ஷனை (ஒன்றாக முடியவேண்டிய வேலைத் தொகுப்பு) திறந்துவிட்டுச் சும்மா இருப்பது. பக்கத்தில் கடைசியாக ஓடிய க்வெரி, எல்லாவற்றிலும் ஒன்றேதான்: ஆர்டர் டேபிளில் ஐடி கொடுத்து ஒரு வரியை எடுக்கும் சாதாரண செலக்ட். டேட்டாபேஸ் ஒரு வேலையும் செய்யவில்லை, நாங்கள் அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்று காத்துக்கொண்டிருந்தது. நாங்களோ அந்த நேரத்தில் எஸ்எம்எஸ் அனுப்பும் சர்வீஸைக் கூப்பிட்டுவிட்டு அதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

செலக்ட் மட்டும் ஓட்டினாலும் செஷன் (நம் சார்பில் டேட்டாபேஸுடன் பேசும் எஸ்க்யூஎல்ஆல்கெமி ஆப்ஜெக்ட்) ஒரு டிரான்ஸாக்ஷனைத் திறந்துவிடும். கமிட்டோ (சேமிப்பது) ரோல்பேக்கோ (ரத்து செய்வது) குளோஸோ (மூடுவது) செய்யும்வரை கனெக்ஷன் உங்கள் கையில்தான். க்வெரிக்கு 20 மில்லிவிநாடி என்றால் 15 கனெக்ஷனில் விநாடிக்கு 750 ரிக்வெஸ்ட் போகும். நடுவில் 3 விநாடி எஸ்எம்எஸ்ஸைச் செருகினால் விநாடிக்கு 5.

சரி, எஸ்எம்எஸ்ஸுக்கு முன்னால் கமிட் போட்டேன். எதுவும் மாறவில்லை! கமிட் ஆனதும் எஸ்க்யூஎல்ஆல்கெமி, டேபிளின் ஒரு வரியைத் தாங்கும் ஆப்ஜெக்டில் இருந்த மதிப்புகளைப் பழையவை என்று கருதித் தூக்கிப்போட்டுவிடும், அடுத்த வரியில் ஆர்டரின் போன் நம்பரைத் தொட்டதும் சத்தமில்லாமல் இன்னொரு செலக்ட் ஓடி, புது டிரான்ஸாக்ஷன், மறுபடியும் கனெக்ஷன் கையில். போன் நம்பரையும் தொகையையும் முதலில் சாதாரண வேரியபிள்களில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு செஷனை மூடி, அதற்கப்புறம்தான் வெளியே பேச வேண்டும். இப்படி மாற்றியபின் பழைய 5-க்கே திரும்பினேன், இன்றுவரை அதேதான் ஓடுகிறது.

ஒரே செஷனை எல்லா திரெடும் பகிர்வது

வேண்டாம். திரெட் என்பது ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலை; ரிக்வெஸ்டுக்கு ஒரு செஷன் என்று வையுங்கள்.

திரெடுக்கு ஆப்ஜெக்டையே அனுப்புவது

ஐடியை அனுப்புங்கள், அந்தத் திரெட் தன் சொந்த செஷனில் எடுத்துக்கொள்ளட்டும். ஆப்ஜெக்டை அனுப்பினால் ஒருநாள் ஓடும், மறுநாள் டிடாச்டு இன்ஸ்டன்ஸ் எரர் (ஆப்ஜெக்ட் தன் செஷனிலிருந்து பிரிந்துவிட்டது என்ற புகார்) வரும், டெஸ்டில் மட்டும் வரவே வராது.

எஸ்க்யூஎல்லைட்டில் செக் சேம் திரெடை ஃபால்ஸ் ஆக்குவது

எஸ்க்யூஎல்லைட் ஒரு ஃபைலில் இயங்கும் சிறிய டேட்டாபேஸ்; கனெக்ஷனைத் திறந்த திரெட் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பதைச் சோதிப்பதுதான் இந்த செட்டிங். ஃபால்ஸ் ஆக்கினால் எரர் போய்விடும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு கனெக்ஷனில் இரண்டு திரெடுகள் எழுதினால் ஒருவர் போடும் கமிட் மற்றவரின் பாதி வேலையையும் சேர்த்துச் சேமித்துவிடும். ஃபால்ஸ் ஆக்கினால் வரிசைப்படுத்தும் பொறுப்பு உங்களுடையது.

எக்ஸெப்ஷனை விழுங்கிவிட்டு ரோல்பேக் மறப்பது

அடுத்த க்வெரியில் பென்டிங் ரோல்பேக் எரர், அதாவது முந்தைய தோல்வி இன்னும் ரத்து செய்யப்படவில்லை என்ற புகார். குற்றம் செய்த வரி ஒன்று, மாட்டுவது வேறொன்று, எனவே லாகில் அதற்கு முந்தைய எரரைத் தேடுங்கள்.

ஃபோர்க்குக்கு முன்பே கனெக்ஷன் திறப்பது

ஃபோர்க் என்றால் ஒரு ப்ராசஸ் தன்னையே நகலெடுத்துப் பிள்ளை ப்ராசஸ்களை உருவாக்குவது. கன்னிகார்னில் (பைத்தான் வெப் சர்வர்) ப்ரீலோட் போடுபவர்கள், அதாவது ஃபோர்க்குக்கு முன்பே ஆப்பை லோட் செய்பவர்கள் கவனிக்க. ஆப் லோட் ஆகும்போதே ஒரு க்வெரி ஓடிவிட்டால் அந்த ஒரே சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பை) பிள்ளை ப்ராசஸ்கள் எல்லாம் பங்குபோடும், ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இன்னொருவருக்குப் போகும். ஃபோர்க் ஆனதும் ஓடும் போஸ்ட் ஃபோர்க் ஹுக்கில் கனெக்ஷன் பூலைப் புதிதாக்குங்கள்.

உடனே ரீஸ்டார்ட் செய்வது

கைகள் அரிக்கும், தெரியும். அதற்கு முன் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியை ஒரு ஃபைலில் கொட்டிவிடுங்கள், ரீஸ்டார்ட் ஆனபிறகு அந்த வரிகள் கிடைக்காது. அந்தத் தம்பியிடமும் அதைத்தான் கேட்டேன். எடுத்து அனுப்பினார்: 15 வரி, எல்லாம் 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்', இந்த முறை எஸ்எம்எஸ் இல்லை, பிடிஎஃப் தயாரிக்கும் சர்வீஸ்.