ஒரே பெயரில் இரண்டு கார்ட்: கிராபிக்ஸ் கார்ட் ஒப்பிடுகிறவர்கள் விடும் தவறுகள்

போன கிழமை புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினான். இரண்டிலும் என்விடியா கம்பனியின் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற கிராபிக்ஸ் கார்ட். ஒன்றில் மெமரி 8 ஜிபி, மற்றதில் 6 ஜிபி. "அண்ணை, 2 ஜிபிதானே குறைவு, விலையும் இறக்கம். எடுக்கட்டா?" வாசித்ததும் பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்தது. நான் விழுந்த அதே குழி.

டிரைவரை ஒழுங்காகப் போடு, கேசுக்குள் இடம் இருக்கிறதா என்று அளந்து பார் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பெயரையும் ஜிபியையும் மட்டும் பார்ப்பது

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கொம்பியூட்டர் பழுது பார்ப்பது, கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடிட்டிங். முன்பு பின்னேரங்களில் பெடியள் வந்து கேம் விளையாட இரண்டு மெஷினும் இருந்தன. 2017 கடைசியில் முதல் மெஷினுக்கு ஜிடி 1030 போட்டேன். அந்த விலைக்கு நல்ல கார்ட். 2019இல் இரண்டாவது மெஷினுக்கும் அதையே எடுக்கலாம் என்று கொழும்புக்குப் போனேன். அதே பெயர், அதே 2 ஜிபி, அதே 384 கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள்), விலை மட்டும் கொஞ்சம் குறைவு. பழைய மாடல்தானே, இறங்கியிருக்கும் என்று சந்தோஷப்பட்டு, இரவு பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

இரண்டாம் நாளே பெடியள் இடப்பக்க மெஷினுக்கு அடிபடத் தொடங்கினார்கள். புதுக் கார்ட் போட்ட வலப்பக்கத்தது "இழுக்குது" என்றார்கள். நான் நம்பவில்லை. விண்டோஸை மூன்று தரம் திரும்ப ஏற்றினேன். ரேமை மாற்றினேன். சூடு கடத்தும் பேஸ்ட் பூசினேன். பவர் சப்ளையில் குறை கண்டுபிடித்துப் புதிது ஒன்று வாங்கினேன். மூன்று கிழமை இப்படியே போனது. கடைசியில் இரண்டு மெஷினிலும் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். மெமரி டைப் என்ற இடத்தில் ஒன்றில் ஜிடிடிஆர்5. மற்றதில் டிடிஆர்4.

நடந்தது இதுதான்: 2018இல் என்விடியா அதே ஜிடி 1030 பெயரிலேயே டிடிஆர்4 மெமரி போட்ட ஒரு வகையைச் சந்தைக்கு விட்டது. பெட்டியில் அந்த வித்தியாசம் எறும்பு எழுத்தில் இருந்தது. கணக்கைப் பாருங்கள். மெமரி பாதையின் அகலத்தை மெமரி வேகத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால், ஒரு செக்கனுக்கு எத்தனை ஜிபி தரவு போய்வரலாம் என்று தெரியும். இரண்டுக்கும் அகலம் 64 பிட். ஜிடிடிஆர்5 வகையின் வேகம் 6 ஜிகாபிட், ஆக 48 ஜிபி. டிடிஆர்4 வகைக்கு 2.1 ஜிகாபிட், வருவது 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு சொச்சம். குத்துகிற மில் இரண்டிலும் ஒன்றுதான்; ஒன்றுக்கு நெல் ட்ரக்டரில் வருகிறது, மற்றதுக்கு இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டரில். மில் பாதி நேரம் சும்மா நிற்கும்.

கடைக்குப் போன் எடுத்தேன். "1030தானே கேட்டீங்கள், 1030தானே தந்தது" என்றார்கள். பொய் இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

இதில் இன்னொரு கசப்பும் உண்டு. வீடியோ எக்ஸ்போர்ட்டை வேகமாக்கும் என்விஎன்க் என்ற பகுதி 1030இன் இரண்டு வகையிலும் கிடையாது. எடிட்டிங்குக்கும் உதவும் என்று என் மனைவியிடம் சொல்லித்தான் காசு எடுத்திருந்தேன்.

சரி, தம்பியின் 3050க்கு வருவோம். 8 ஜிபி கார்டில் 2560 கோர், 128 பிட், செக்கனுக்கு 224 ஜிபி. 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட், 168 ஜிபி. ஆக, குறைவது 2 ஜிபி மட்டும் இல்லை. கோர், பாதை, வேகம் எல்லாமே வெட்டுப்பட்டிருக்கிறது. இது தெரிந்து வாங்கினால் பிழை இல்லை. தெரியாமல் வாங்குவதுதான் பிழை.

வாட்ஸைப் பார்க்காமல் ஒப்பிடுவது

அந்த 6 ஜிபி கார்டுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. 70 வாட்டில் ஓடும், ஆகவே மதர்போட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி கார்டுக்கு 130 வாட், தனி வயர் வேண்டும். எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பது கந்தோர்களிலிருந்து கழித்துவிட்ட பழைய பிராண்ட் மெஷின். அதன் பவர் சப்ளையில் அந்த வயரே இருக்காது. 650 விஏ என்று விற்கும் யூபிஎஸ் பலதும் 360 வாட்தான் தாங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்திய நாட்களில் ஜெனரேட்டரில் எடிட்டிங் செய்தவனுக்கு இந்த 60 வாட் வித்தியாசம் என்பது சின்ன விசயம் இல்லை.

தம்பியின் மெஷினும் அப்படியான ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. 6 ஜிபியையே எடுக்கச் சொன்னேன். காரணம் விலை இல்லை.

கோர் எண்ணிக்கையைத் தலைமுறை தாண்டி ஒப்பிடுவது

என்விடியா தன் கோருக்கு வைத்த பெயர் கூடா கோர். பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள், ஒப்பிடக் கூடாது. 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐயில் 4352 கோர். 2020இல் வந்த 3070இல் 5888. கேமில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம். 30 வரிசையில் கோரை எண்ணும் விதமே மாறிவிட்டது. ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

மதர்போட்டின் வயதை மறப்பது

ஏஎம்டி கம்பனியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைச் செருகும் பக்கத்தைப் பார்த்தால் 16 லேன், அதாவது தரவு போய்வர 16 வழி உள்ள கார்ட் போலத்தான் நீளமாக இருக்கும். உள்ளே வேலை செய்வது 4 லேன்தான். கார்ட் செருகும் இடம் பிசிஐஇ 4.0 ஆக இருக்கும் போட்டில் சமாளித்துவிடும். நான்காம் தலைமுறை இன்டெல் மெஷினில் அதிகம் போனால் 3.0தான் இருக்கிறது, அங்கே அந்த வழி பாதியாகச் சுருங்கும். 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். யூடியூப்பில் சோதித்தவரின் போட் எது என்று முதலில் பாருங்கள். அப்புறம் எஃப்பிஎஸ்ஸை, அதாவது செக்கனுக்கு எத்தனை படம் என்பதைப் பாருங்கள். அதிலும் சராசரியை விட 1 சதவீத லோ என்ற, மிக மெதுவான 1 சதவீதப் படங்களின் வேகத்தைக் காட்டும் எண்ணைத்தான் நான் நம்புவேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் இழுவை அங்கேதான் இருக்கிறது.

ஆர்ஜிபி லைட்

கலர் கலராக மின்னும். வேகம் தராது.

அறியாத இடத்தில் மலிவாக 1050 டிஐ

பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் பயாஸை (கார்ட் எது என்று கொம்பியூட்டருக்குச் சொல்லும் உள் மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று விற்ற காலம் ஒன்று உண்டு. காசு கொடுக்க முன் ஜிபியு-இசட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழும்பி வாருங்கள்.

பில்

மெமரி வகை, பிட் அளவு இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லி, அங்கேயே போனில் படம் எடுத்துவிடுங்கள். என் பில்லில் "ஜிடி 1030 2ஜிபி" என்று மட்டும்தான் இருந்தது.