காமிக் கான் மேசையில் காகித கிட் விற்க

காமிக்ஸ், கார்ட்டூன் ரசிகர்கள் வேடம் போட்டுக்கொண்டும் கூடுகிற விழாதான் காமிக் கான். சென்னையின் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. அதற்கு அப்புறம், காகிதத்தை வெட்டி ஒட்டிப் பொம்மை செய்கிற கிட் அங்கே விலை போகுமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். போகும். ஆனால் "சூப்பரா இருக்கு" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அப்படியே நகர்ந்துவிடுவார்கள். "இது எனக்கு வருமா?" என்ற சந்தேகம் தீர்ந்தால்தான் ஃபோனை எடுத்து ஸ்கேன் செய்வார்கள். எதைத் தீர்மானித்தாலும் அந்தச் சந்தேகத்தை மனதில் வைத்தே தீர்மானியுங்கள்.

முதல் கிட்டில் 15 துண்டுக்கு மேல் வேண்டாம். அரை மணி நேரத்தில் ஒட்டி முடியவேண்டும். உருண்டைத் தலை, வளைந்த கூரை எல்லாம் புதிதாகச் செய்பவர்களைப் படுத்தும். மெரினா கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள், முக்கோணத் தூண். மூன்று மடிப்பு மடித்து ஓர் ஓரத்தை ஒட்டினால் கோபுரம் எழுந்து நின்றுவிடும். அதற்கே கையும் காலும் வைத்து ரோபோ ஆக்கினேன், என் மேசையில் அதுதான் அதிகம் போகிறது. கூட்டம் கேட்பது அனிமே என்கிற ஜப்பானிய கார்ட்டூன் முகங்களைத்தான். உரிமம் இல்லாமல் அதை அச்சடித்து விற்காதீர்கள், சொந்தமாக வரையுங்கள்.

காகிதத்துக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள். 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டை போதும். 300-க்குப் போனால் சின்ன மடிப்புகள் வெடித்துவிடும். வாங்கும்போதே தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்தப் போக்கில் நீளமான மடிப்புகள் வரும்படி படத்தை வையுங்கள். அச்சகத்தில் "லேமினேஷன் போட்டா பளபளன்னு இருக்கும்" என்பார்கள். வேண்டாம், ஃபெவிகால் அதன்மேல் பிடிக்காது. பசை தடவி ஒட்டுகிற ஓரப் பட்டைகளின் மேலும் நிறம் அடிக்காமல் வெறுமனே விடுங்கள். எந்தப் பட்டை எங்கே ஒட்டும் என்பதற்கு இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டால் பாதி விளக்கம் மிச்சம்.

நிறைய பிரதி அடிப்பதாக இருந்தால் டை (வெட்டும் அச்சு) போட்டு பஞ்சிங், கிரீசிங், அதாவது வெட்டுவது, மடிப்புக் கோடு அழுத்துவது இரண்டையும் அச்சகத்திலேயே முடித்துவிடலாம். குறைவாக என்றால் டை செலவு கட்டாது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவையும் ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து மடிப்புக் கோடுகளை நீங்களே அழுத்திக் கொடுங்கள். வெட்டுவதை வாங்குபவர் கத்தரிக்கோலால் பார்த்துக்கொள்வார், மடிப்பை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள். கவருக்குள் சின்ன ஃபெவிகால் டியூபும், பசை தடவ இரண்டு பல்குச்சியும் போடுங்கள்.

மேசையில் முடித்த பொம்மையை மட்டும் வைத்தால் அது காட்சிப்பொருள். பக்கத்திலேயே தட்டையான தாள் ஒன்று, பாதி ஒட்டியது ஒன்று வையுங்கள். கூடவே கோடு அழுத்திய உதிரித் துண்டுகள் ஒரு தட்டில். ஒருமுறை ஃபோம் கவசம் மாட்டிய பையன் ஒருவன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு துண்டை மடித்தான். கோட்டில் சட்டென்று மடிந்தது. "அவ்ளோதானாக்கா?" என்றான். நான் எதுவும் பேசவில்லை. இரண்டு வாங்கிக்கொண்டு போனான்.

விலையை 100, 200 என்று ஒரே நோட்டில் முடியும்படி வையுங்கள். கூட்டத்தில் சிக்னல் படுத்துவிட்டால் யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும், அப்போது சில்லறை தேடிக்கொண்டிருக்க முடியாது. கவர் ஏ5 அளவைத் தாண்டாமல் இருந்தால் எந்தப் பையிலும் நுழையும்.

கவரின் பின்பக்கம் உங்கள் பெயர், முகவரி, எத்தனை தாள், தயாரித்த மாதம், வருடம், எம்ஆர்பி, புகாருக்கு ஒரு தொடர்பு எண் எல்லாம் இருக்கவேண்டும். இன்னொன்று, 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு என்று விற்க நினைத்தால், அச்சுக்குக் கொடுக்கும் முன்பே விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

மிஞ்சிய கிட்டுகளைச் செங்குத்தாக அடுக்காதீர்கள். ஏசி அரங்கிலிருந்து நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வந்ததும் தாள் சுருளும். தட்டையாகப் படுக்கவைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். பசை டியூப்களைத் தனியாக எடுத்துவிடுங்கள், கசிந்தால் கட்டு மொத்தமும் போய்விடும்.