நாகதாளிப் பழம் சாப்பிடும்போது நாம் விடும் பிழைகள்

கதிர்காமத்துக்குப் போய்வந்த அத்தை, அம்பாந்தோட்டைப் பக்கத்துப் பற்றையில் பறித்த நாகதாளிப் (சப்பாத்திக்கள்ளி) பழங்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். கொழுந்து பறிக்கும் என் அக்காவுக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். "சிவப்புப் பழம், இரத்தம் ஊறும்" என்பது அத்தையின் நம்பிக்கை.

நான் ஒன்றை எடுத்துக் கழுவி அப்படியே கடித்தேன். இரண்டு நாள் சோறு விழுங்க முடியவில்லை. தோலில் புள்ளி புள்ளியாக மஞ்சள் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறதே, அது அத்தனையும் முள். முடியைவிட மெல்லியது, நுனியில் கொக்கி உள்ளது. கழுவினால் போகாது. இடுக்கியால் பிடித்துத் தணலில் திருப்பித் திருப்பி வாட்டினால் பொசுங்கிவிடும். அப்புறம் இரு முனையையும் வெட்டி, நீளமாக ஒரு கீறு போட்டுத் தோலை உரித்தெடுங்கள். கையில் ஏறிவிட்டால் தேய்க்கவே கூடாது. முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

இனி இரத்த விஷயம். அந்தச் சிவப்பு பீட்ரூட்டில் இருக்கும் அதே வகைச் சாயம்தான். 100 கிராம் பழத்தில் இரும்புச்சத்து 0.3 மில்லிகிராம் அளவே. இதை நம்பி இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்துவதுதான் நம் பெண்கள் செய்யக்கூடிய பெரிய பிழை. அக்காவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பழம் சாப்பிட்ட பிறகு சிறுநீர் சிவந்து போனால், அதுவும் பெரும்பாலும் இந்தச் சாயம்தான். பழத்தை நிறுத்தியும் சிவப்பு மாறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பழம் வீண் என்று சொல்லவில்லை. 100 கிராமில் நார்ச்சத்து மூன்றரை கிராம், மக்னீசியம் 85 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. இரண்டுமே நல்ல அளவு. வைட்டமின் சி மட்டும் வேண்டுமென்றால் லயத்துக்குப் பின்னால் நிற்கும் கொய்யா போதும்: இதில் 14 மில்லிகிராம், கொய்யாவில் 200க்கு மேல். விதை கல்போல இருக்கும். நிறைய விழுங்கினால் மலம் இறுகி அடைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு வடிகட்டிய சாறே நல்லது.

நாகதாளி சீனி வருத்தத்துக்கு நல்லது என்று சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மெக்சிக்கோவில் காய்கறியாகச் சமைக்கும் இதன் மடல் (இலைபோலத் தட்டையாக இருக்கும் தண்டு), சாப்பாட்டுக்குப் பின் சீனி ஏறுவதைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது மடல், பழம் இனிப்பானது. மெட்ஃபோர்மின், இன்சுலின் எடுப்பவர்கள் மருந்தை விடவும் கூடாது, டாக்டரிடம் கேட்காமல் மடல் சாற்றைச் சேர்த்துக் குடிக்கவும் கூடாது. சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு மடல் வேண்டாம், கல் உண்டாகக் காரணமாகும் ஆக்ஸலேட் அதில் அதிகம்.

கடைசியாக, கள்ளி எல்லாம் ஒன்றல்ல. நாகதாளி மடலை உடைத்தால் வழவழவென்று நிறமில்லாத நீர்தான் வரும். வெள்ளைப் பால் வடிந்தால் அது சதுரக்கள்ளியோ கொம்புக்கள்ளியோ, விஷம். உடனே போட்டுவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். பால் கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.