அன்னாசி நடும் முன்பே களையை அடக்குவது எப்படி?

அன்னாசி நட்டு முதல் பழம் வெட்ட ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். இலை அடர்ந்து முள் நெருங்கிய பிறகு உள்ளே இறங்கிக் களை எடுக்க ஆள் கிடைப்பது கடினம். அதனால் களை வேலையில் பெரும்பகுதியை நடவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலத்துக்கான முறை இது. தண்ணீர் தேங்கும் களிமண்ணில் அன்னாசியே வேண்டாம்.

படி 1: சித்திரை உழவு
சட்டிக் கலப்பையால் ஒருமுறை புரட்டி, இரண்டு வாரம் காயவிடுங்கள். பிறகு ஒன்பது கொத்துக் கலப்பையைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் கோரைக்கிழங்கும் அருகம்புல் தண்டும் மேலே வரும். பொறுக்கி வெளியே போடுங்கள். மிச்சத்தை அக்னி வெயில் பார்த்துக்கொள்ளும். கோரை உள்ள நிலத்தில் ஈரத்தோடு ரோட்டாவேட்டர் விடாதீர்கள். மண் பொலபொலவென்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் சங்கிலியாகக் கோத்திருந்த கிழங்குகள் அறுபட்டதும் அதுவரை முளைக்காமல் கிடந்தவையும் முளைக்கும். வயல் முழுக்கப் பரவும்.

படி 2: ஆடியில் மேட்டுப்பாத்தி
பாத்தி 90 செ.மீ. அகலம், 15–20 செ.மீ. உயரம், நடைபாதை 60 செ.மீ. பள்ளம் பறித்து நடுவது நம் ஐப்பசி மழைக்கு ஒத்துவராது. மண் கரைந்து குருத்துக்குள் இறங்கும், குருத்து அழுகும்.

பாத்தி போட்டவுடன் நடாதீர்கள். தண்ணீர் விட்டு இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் சாரணையும் புல்லும் முளைக்கும். களைக்கொத்தால் 2–3 செ.மீ. மட்டும் சுரண்டுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியிலிருந்த விதை மேலே வந்து மறுபடி முளைக்கும்.

படி 3: ஆவணி நடவு
300–350 கிராம் பக்கக்கன்று (தாய்ச்செடியின் பக்கத்தில் கிளைக்கும் கன்று). பாத்திக்கு இரண்டு வரிசை. வரிசைக்கு வரிசை 60 செ.மீ., கன்றுக்குக் கன்று 30 செ.மீ. ஏக்கருக்குச் சுமார் 18,000 கன்று பிடிக்கும். சிறிதும் பெரிதுமாகக் கலந்து நட்டால் சிறு கன்று இருக்குமிடத்தில் நிழல் மூடாது; களை அங்கேதான் புகும்.

படி 4: மூடாக்கு
நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புச் சோகை கிடைக்கும், 10 செ.மீ. கனம் பரப்புங்கள். அமுங்கியதும் மேலும் போடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தாள் மற்ற களையை நிறுத்தும், கோரை அதையும் குத்திக்கொண்டு வந்துவிடும்.

முதல் ஆறு மாதம் கைக்களைதான். அன்னாசி வேர் மேல்மண்ணிலேயே ஓடுவதால் செடியருகே மண்வெட்டி போடக்கூடாது. கோரையை வெறுமனே இழுத்தால் மேலே உள்ள இலைதான் கையோடு வரும். சிறு கொத்தால் கிளறி, கிழங்கோடு எடுங்கள்.