காலேஜ் ரன்னிங் பேக் என்.எஃப்.எல்-ல தேறுவானா? டிராஃப்டுக்கு முன்னாடி நாமளே பாத்து எடைபோடுறது எப்படி

அமெரிக்கன் ஃபுட்பால்ல ரன்னிங் பேக்கா ஆடுற ஆஷ்டன் ஜென்டி 2024 சீசன்ல பாய்ஸி ஸ்டேட் காலேஜுக்காக 2,601 யார்டு ஓடினாரு. ஒரே சீசனுக்கான காலேஜ் ஃபுட்பால் ரெக்கார்டு 1988-ல பேரி சாண்டர்ஸ் போட்ட 2,628, அதுக்கு வெறும் 27 யார்டு தான் கம்மி (சாண்டர்ஸ் அத 11 மேட்ச்ல அடிச்சாரு, ஜென்டிக்கு 14 மேட்ச் கிடைச்சுது, அது வேற சண்டை). 2025 டிராஃப்ட்ல என்.எஃப்.எல் (புரொஃபஷனல் லீக்) டீம் ரெய்டர்ஸ் ஜென்டிய 6-வது பிக்ல தூக்குச்சு. இப்ப கேள்வி என்னன்னா, அந்த 2,601-ல எவ்வளவு இவரு சொந்தமா சம்பாதிச்சது, எவ்வளவு முன்னாடி நின்னு பிளாக் பண்ண லைன் குடுத்தது, எவ்வளவு எதிர் டிஃபென்ஸ் சொத்தையா இருந்ததால வந்தது? ரன்னிங் பேக்க எடைபோடுறதுன்னா முக்காவாசி இந்தக் கணக்கப் பிரிக்கிற வேலை தாங்க.

இந்த ஆட்டத்துக்கே புதுசுன்னா: 4 சான்ஸ்ல 10 யார்டு முன்னேறணும், ஒவ்வொரு சான்ஸும் ஒரு டவுன். குவாட்டர்பேக் ஒண்ணு பால எறிவாரு, இல்ல பின்னாடி நிக்கிற ரன்னிங் பேக் கையில குடுப்பாரு. குடுத்தா அது ஒரு கேரி. டிராஃப்டுங்கறது ஏப்ரல் கடைசியில 32 டீமும் 7 ரவுண்டா காலேஜ் பசங்கள எடுக்குறது, ஒவ்வொரு தடவ எடுக்குறதும் ஒரு பிக். இது போதும், மிச்சம் போகப் போக புரியும்.

ஸ்டெப் 1: யார்டு கணக்க ரெண்டா உடைங்க

ஒரு கேரிக்கு எத்தன யார்டுன்னு எல்லா சைட்லயும் முதல்ல போட்டிருப்பான். அத ஒரு பக்கம் வச்சுட்டு, டிஃபென்டர் கை அவன் மேல படுறதுக்கு முன்னாடி எத்தன யார்டு, பட்டதுக்கு அப்புறம் எத்தன யார்டுன்னு தேடுங்க. முன்னாடி வந்தது பெரும்பாலும் லைன் போட்டுக் குடுத்த ரோடு. அப்புறம் வந்தது தான் அந்தப் பையனோட சொந்த சொத்து. கூடவே எத்தன டேக்கிள்ல (புடிச்சுக் கீழ தள்ளுறதுல) இருந்து தப்பிச்சான், 15 யார்டுக்கு மேல போன ரன் எத்தன, இந்த ரெண்டையும் எழுதிக்குங்க.

டிரென்ட் ரிச்சர்ட்சன் கதை இதுக்கு நல்ல பாடம். 2011-ல அலபாமாவுக்கு 1,679 யார்டு, 21 ரஷ்ஷிங் டச்டவுன் (பாலோட கடைசிக் கோட்டத் தாண்டி ஓடி எடுக்குற ஸ்கோர்), 2012 டிராஃப்ட்ல 3-வது பிக்கா பிரவுன்ஸ் எடுத்துச்சு. அடுத்த வருஷமே கோல்ட்ஸுக்கு டிரேட் பண்ணிட்டாங்க. என்.எஃப்.எல்-ல மொத்தமா பாத்தா அவருக்கு ஒரு கேரிக்கு 3.3 யார்டு தான். அலபாமா மாதிரி டீம்ல ஓடுறது ஃபிளாட் பிட்ச்சுல செஞ்சுரி போடுற மாதிரி, போட்டது நெஜம் தான், ஆனா பந்து திரும்புற ஊர்ல என்ன ஆகும்னு அது சொல்லாது. அதே அலபாமால இருந்து வந்த டெரிக் ஹென்றி, ஜாஷ் ஜேக்கப்ஸ், ஜாமிர் கிப்ஸ் எல்லாம் பட்டையக் கிளப்புறாங்க, அதனால பெரிய காலேஜ்னாலே டுபாக்கூர்னும் முடிவு பண்ணிடாதீங்க.

எதிரி யாருன்னும் பாக்கணும். ஜென்டி ஜார்ஜியா சதர்ன் மேல 267 யார்டு, 6 டச்டவுன். கேக்க நல்லா இருக்கு, நான் அத பெருசா எடுத்துக்கல. ஒரேகான் கூட அவங்க கிரவுண்ட்லயே 25 கேரில 192, 3 டச்டவுன், அது கணக்குல வருது. அப்புறம் ஃபியஸ்டா பவுல் மேட்ச்ல பென் ஸ்டேட் அவர 30 கேரிக்கு 104-ல கட்டிப் போட்டுச்சு, ரெக்கார்டு போனது அங்க தான். பல பேர் இத மைனஸா எழுதினாங்க. நான் அந்த மேட்ச்ச தான் மொதல்ல பாக்கச் சொல்வேன், ஏன்னா லைன் தோத்துக்கிட்டே இருக்குற அன்னிக்கு ஒரு பேக் 1 யார்டு லாஸாக வேண்டியத 3 யார்டா மாத்துறானா, இல்ல கடுப்புல சைடுக்கு ஓடி 5 யார்டு லாஸ் ஆக்குறானான்னு தெரியுறது அங்க தான்.

ஸ்டெப் 2: டேப் (மேட்ச் வீடியோ) பாருங்க, பால விட்டுட்டு கால பாருங்க

ஹைலைட்ஸ் பாத்து யாரையும் எடைபோடாதீங்க ப்ளீஸ். ஹைலைட்ஸ்ல எல்லாரும் சூப்பர்ஸ்டார் தான். ஒரு மேட்ச்ல அந்த ஆள் தொட்ட எல்லா பாலையும் வெட்டிப் போட்ட வீடியோ யூட்யூப்ல கிடைக்கும், ஃப்ளாப்பான மேட்ச் ஒண்ணும் கண்டிப்பா சேத்து மூணு நாலு எடுத்துக்குங்க.

இப்ப ஒரே ஒரு ப்ளேய ஸ்லோ பண்ணி பாப்போம். அவுட்சைட் ஸோன்னு ஒரு ரன். லைன்ல இருக்குற அஞ்சு பேரும் ஒரே பக்கமா, வலதுன்னு வச்சுக்குங்க, ஸ்டெப் எடுத்து போறாங்க. பேக்கும் பால வாங்கிட்டு அதே பக்கம் ஓடுறான். அவன் கண்ணு போக வேண்டியது ஓரத்துல நிக்கிற டிஃபென்டர் மேல. அந்த டிஃபென்டர் உள்ள மாட்டிக்கிட்டா வெளிய சுத்திப் போகலாம், வெளிப்பக்கமா தள்ளிக்கிட்டு போனா அவனுக்கு உள்ள இருக்குற கேப்ல நேரா பாயலாம், அங்கயும் ஆள் அடைச்சிருந்தா காலை ஊனி எல்லாரும் ஓடுறதுக்கு எதிர்ப்பக்கமா பின்னாடி வெட்டலாம். மூணு வழி, பால் கைக்கு வந்து மூணாவது அடி வைக்கிறதுக்குள்ள முடிவாகணும். வீடியோவ அந்த மூணாவது அடியில பாஸ் பண்ணுங்க. நீங்களே எந்த வழின்னு சொல்லிட்டு ப்ளே பண்ணுங்க. பத்து ப்ளேல ஏழு எட்டுல அவனும் நீங்க சொன்ன வழியில, இல்ல அத விட நல்ல வழியில போனா, பையனுக்கு விஷன் இருக்கு. எப்ப பாத்தாலும் வெளிய சுத்த ஓடுறான்னா ஜாக்கிரதை, காலேஜ்ல அந்த ஓரத்த ஸ்பீடு வச்சு ஜெயிக்கலாம், என்.எஃப்.எல் லைன்பேக்கர் (டிஃபென்ஸ்ல முன்வரிசைக்குப் பின்னாடி நிக்கிறவன்) அவன விட வேகமா அங்க வந்து நிப்பான்.

பவர், கவுன்ட்டர் மாதிரி ரன்ல கதை வேற, அங்க லைன்ல நிக்கிற கார்டுங்கற ஆள் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வந்து பிளாக் பண்ற வரைக்கும் பொறுமையா அவன் பின்னாடியே போகணும். லெவியான் பெல் ஸ்டீலர்ஸ்ல ஆடினப்ப பால வாங்கிட்டு கிட்டத்தட்ட நின்னுட்டு தான் போவாரு, அந்தப் பொறுமை இருக்கறவன் இந்த ஸ்கீம்ல ஜொலிப்பான். ஆனா பொறுமைக்கும் தயக்கத்துக்கும் வித்தியாசம் இருக்குங்க. பொறுமையானவன் கால் ஓடிக்கிட்டே இருக்கும், தயங்குறவன் கால் ஒரே எடத்துல தட்டிக்கிட்டு இருக்கும்.

அடி வாங்குறப்ப இடுப்புக்குக் கீழ என்ன நடக்குதுன்னும் பாருங்க. ஜென்டி 5 அடி 8 இன்ச் தான், 211 பவுண்ட், சைடுல இருந்து தோள் போட்டு இடிக்கிறவன் வழுக்கி விழுறான், இவரு கால் தரையில இருந்து விலகுறதே இல்ல. இந்த பேலன்ஸ் எந்த டெஸ்ட்லயும் வராது.

ஸ்டெப் 3: பால் கையில இல்லாதப்ப என்ன பண்றான்

புதுசா பாக்கறவங்க மொத்தமா விட்டுடுற எடம் இது தான், கோச்சுங்க ஒரு ரூக்கிய (மொத வருஷ ஆள) பெஞ்ச்ல உக்கார வைக்கிறதுக்கு அடிக்கடி சொல்ற காரணமும் இது தான். பாஸ் ப்ளேல டிஃபென்ஸ் ஒரு எக்ஸ்ட்ரா ஆள அனுப்பும், பிளிட்ஸ்னு சொல்வாங்க. அந்த ஆள நிறுத்துறது பல சமயம் ரன்னிங் பேக் வேலை. தப்பு விட்டா அடி விழுறது கோடிக்கணக்குல சம்பளம் வாங்குற குவாட்டர்பேக் மேல, அதனால இத செய்யத் தெரியாதவன மூணாவது டவுன்ல கிரவுண்ட்ல விட மாட்டாங்க.

எப்படி பாக்கணும்னா, ஸ்னாப்புக்கு (ப்ளே ஆரம்பிக்க பால பின்னாடி குடுக்குறதுக்கு) முன்னாடியே அவன் தலை திரும்புதான்னு பாருங்க, யாரு வரப்போறான்னு தேடுறான்னு அர்த்தம். ரெண்டு பேர் வந்தா உள்பக்கமா வர்றவன மொதல்ல புடிக்கணும், ஏன்னா குவாட்டர்பேக்குக்கு கிட்ட ரூட்டு அது. அப்புறம் முன்னாடி போய் மோதுறானா, இல்ல பின்வாங்கி குவாட்டர்பேக் மடியிலயே போய் விழுறானா. குனிஞ்சு கால்ல விழுந்து தடுக்கப் பாக்குறவன் ரெண்டு தடவ தப்பிப்பான், மூணாவது தடவ லைன்பேக்கர் தாண்டிக் குதிச்சுப் போயிடுவான்.

நோட்டர் டேம்ல ஆடின கைரன் வில்லியம்ஸ் இதுல கில்லாடி. 194 பவுண்ட் தான், ஆனா தன்ன விட முப்பது நாப்பது பவுண்ட் அதிகமா இருக்கற லைன்பேக்கர் நெஞ்சுல நேரா போய் முட்டுவாரு. டிராஃப்டுக்கு முன்னாடி நடக்குற காம்பைன் டெஸ்ட்ல 40 யார்டு 4.65 செகண்ட் ஓடினதால 2022-ல 5-வது ரவுண்ட் வரைக்கும் கீழ வந்தாரு, ராம்ஸ் எடுத்துச்சு, 2023-ல 12 மேட்ச்லயே 1,144 யார்டு. மூணு டவுனும் கிரவுண்ட்ல நிக்க முடிஞ்சா சான்ஸ் தானா வருது.

பால் புடிக்கிறதும் இதே ஸ்டெப்ல தான். எத்தன கேட்ச்சுன்னு மட்டும் பாக்காம எந்த மாதிரி கேட்ச்சுன்னு பாருங்க, பின்னாடி நின்னு வாங்குற ஸ்க்ரீன் எல்லாரும் புடிப்பான், ஒரு லைன்பேக்கர ரூட்ல ஏமாத்தி புடிக்கிறவன் வேற ஜாதி. ஆல்வின் கமாரா டென்னசில ரெண்டு சீசன் சேத்து 210 கேரி தான் வாங்கினாரு, அதனாலயே 2017-ல 67-வது பிக் வரைக்கும் கிடைச்சாரு, மொத வருஷமே 81 கேட்ச். கேட்ச் கம்மியா இருந்தா உடனே கழிச்சுடவும் வேணாம், ஜென்டிக்கு 2024-ல 23 கேட்ச் தான், ஆனா 2023-ல 43 கேட்ச், 569 யார்டு இருக்கு. கை இருக்கு, டீம் யூஸ் பண்ணல.

ஸ்டெப் 4: காம்பைன் நம்பர்

பிப்ரவரி கடைசியில இண்டியானபொலிஸ்ல காம்பைன் நடக்கும், எல்லாரும் 40 யார்டு டைம் பத்தியே பேசுவாங்க. எடை சேக்காம அந்த டைம பாக்குறதுல பிரயோஜனம் இல்ல. பில் பார்ன்வெல் கொண்டு வந்த ஸ்பீடு ஸ்கோர்னு ஒரு சிம்பிள் கணக்கு இருக்கு: பவுண்ட்ல எடைய 200-ஆல பெருக்கி, 40 டைம நாலு தடவ எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்கி வர்றதால வகுக்கணும். சராசரி 100 பக்கம்.

சேக்வான் பார்க்லி 233 பவுண்ட், 4.40. 46,600-ஐ 374.8-ஆல வகுத்தா 124, அதெல்லாம் அபூர்வம். ஜாமிர் கிப்ஸ் 4.36 ஓடினாரு, அத விட வேகம், ஆனா 199 பவுண்ட், அதனால 110. மேல சொன்ன கைரன் வில்லியம்ஸுக்கு போட்டுப் பாருங்க, 83 தான் வரும். இந்த ஒரு நம்பர மட்டும் நம்பினவங்க அவர விட்டுட்டாங்க. அதனால தான் இத 4-வது ஸ்டெப்ல வச்சேன், டேப்ல பாத்த வேகம் நெஜமான்னு சரிபாக்க மட்டும் யூஸ் பண்ணுங்க. பெஞ்ச் பிரஸ்ஸ கண்டுக்கவே வேணாம், கிறிஸ்டியன் மெக்கேஃப்ரி 10 தடவ தான் தூக்கினாரு, அவரு கெரியர் உங்களுக்கே தெரியும்.

ஸ்டெப் 5: ஃபம்பிள், காயம், தேய்மானம்

ஃபம்பிள், அதாவது பால கீழ விடுறது, திருத்தக்கூடியது தான். ஜோனதன் டெய்லர் விஸ்கான்சின்ல மூணு வருஷத்துல 6,174 யார்டு, கூடவே பால கீழ விடுறாருன்னு பெரிய புகார், 41-வது பிக்ல போனாரு, 2021-ல 1,811 யார்டோட லீக்லயே நம்பர் 1.

முட்டி காயத்துல ரெண்டு பக்கமும் உதாரணம் இருக்கு. ஃப்ராங்க் கோர் மயாமில ரெண்டு முட்டிலயும் ஏ.சி.எல் (முட்டிக்குள்ள இருக்குற லிகமென்ட்) கிழிஞ்சு வந்தவரு, 2005-ல 65-வது பிக், கடைசில 16,000 யார்டு, ஆல் டைம் மூணாவது எடம். ஜோனதன் ப்ரூக்ஸ் 2023 நவம்பர்ல ஏ.சி.எல் போயும் 2024-ல முதல் ரன்னிங் பேக்கா 46-வது பிக்ல போனாரு, அந்த வருஷ டிசம்பர்லயே அதே முட்டி மறுபடியும் போச்சு. வெளிய இருந்து பாக்குற நமக்கு டாக்டர் ரிப்போர்ட் கிடைக்காது, ஸோ காயத்துக்கு அப்புறம் ஆடின டேப் இருந்தா அத மட்டும் வச்சு பேசுங்க.

காலேஜ்லயே நிறைய ஓடித் தேஞ்சுட்டான்னு சொல்றத மட்டும் நான் பாதி தான் நம்புறேன். ஹென்றி 2015-ல 395 கேரி ஓடினாரு, அப்பவே ஆள் முடிஞ்சுதுன்னாங்க. 30 வயசுல, 2024-ல, ரேவன்ஸுக்கு 1,921 யார்டு ஓடிட்டு நிக்கிறாரு.

ஸ்டெப் 6: எந்த ரவுண்ட்

ஆள் நல்லவன்னு முடிவு பண்றது ஒண்ணு, அவனுக்கு முதல் ரவுண்ட் பிக் குடுக்கலாமாங்கறது இன்னொண்ணு. 2013, 2014, 2022, 2024, இந்த நாலு டிராஃப்ட்லயும் முதல் ரவுண்ட்ல ஒரு ரன்னிங் பேக் கூட போகல. திறமை இல்லாம இல்ல, கீழ ரவுண்ட்லயும் நல்ல பேக் கிடைக்கிறான், உடம்பு சீக்கிரம் தேயுற பொசிஷன் வேற, அந்த பிக்ல ஒரு டேக்கிளோ (லைன்ல ஓரத்துல நிக்கிறவன்) கார்னரோ (பாஸ தடுக்குற டிஃபென்டர்) எடுத்தா நாள்பட நிக்கும்னு டீமுங்க கணக்கு போடுது. ஐசையா பச்சேகோ 7-வது ரவுண்ட், 251-வது பிக், ரூக்கி வருஷமே சீஃப்ஸ் கூட சூப்பர் பவுல் ஜெயிச்சாரு. ஏரியன் ஃபாஸ்டர யாருமே டிராஃப்ட் பண்ணல, 2010-ல 1,616 யார்டு ஓடி லீக்ல முதல் எடம்.

என் அளவுகோல் இது தான்: ஓடணும், புடிக்கணும், பிளாக் பண்ணணும், மூணும் முதல் நாளே செய்றவனுக்கு முதல் ரவுண்ட். ரெண்டு மட்டும்னா ரெண்டாவது மூணாவது. ஒண்ணு மட்டும்னா, அது எவ்வளவு பிரமாதமா இருந்தாலும், நாலாவதுக்கு அப்புறம் தான். உடன்பாடு இல்லன்னா கமென்ட்ல சண்டைக்கு வாங்க.

ஓமாரியன் ஹாம்ப்டன வச்சு பழகிப் பாருங்க, 2025-ல 22-வது பிக்ல சார்ஜர்ஸ் எடுத்த ஆளு. நார்த் கரோலினால 2024-ல 1,660 யார்டு, 38 கேட்ச், 221 பவுண்ட், 4.46. ஸ்பீடு ஸ்கோர் நீங்களே போடுங்க, 112 பக்கம் வரணும். அப்புறம் டேப்ல மூணாவது டவுன் ஸ்னாப்ப மட்டும் தேடி எடுத்து, பிளிட்ஸ் வந்தப்ப எந்தப் பக்கம் திரும்பினாருன்னு எழுதிட்டு வாங்க.